அலீகர் பட்டதாரியும் அவர்தம் தோழர்களும்

அரபு மொழியில் நண்பனைக் குறிக்கும் சொற்கள் பல உள. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். முதலாவது 'ஸாஹிப்'. உடனிருத்தல் என்னும் பொருளுடைய 'ஸுஹ்பத்' எனும் சொல்லோடு பிறந்தது இது. நம் பெரியோர் பெயர்களுக்குப் பின்னே மரியாதைக்காக நாம் சேர்த்து வழங்கும் 'சாகிபு' இதுவேயாகும். இரண்டாவது 'ரஃபீக்'. வழித்துணையாக வருபவன் என்பது இதன் பொருள். மென்மையைக் குறிக்கும் 'ரிஃப்க்' இதற்கு உறவு. மூன்றாவது 'ஸதீக்'. உண்மை எனப் பொருள்படும் 'ஸித்க்' என்பதே இதன் வேர். நம்மிடம் மெய் பேசுகிறவன் எவனோ, நாம் எவனிடம் மெய் பேசுகிறோமோ, அவனே ஸதீக். அரபுப் பாடம் ஓதத் தொடங்கும் சிறுவர்க்கு இம்மூன்றையும் ஒரே பொருளில் 'நண்பன்' என்றே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். வேறுபாட்டை அவர்களுக்கு வாழ்க்கைதான் பின்னர் கற்பிக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நமக்குப் பழக்கமான வணிகர் ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் கவலை.

"அஜரத், மகன் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. வேலைக்கு மனுப் போடுறான், பதில் வரலே. மிச்ச நேரமெல்லாம் கூடப் படிச்ச பையன்களோட சினிமா, சினிமான்னு அலையிறான். இவன் தேறுவானா?" என்று கேட்டார்.

அவர் நம்மிடம் மார்க்கத் தீர்ப்பு எதையும் கேட்கவில்லை. அந்தத் தீர்ப்பை அவரே மனத்துள் எழுதி முடித்திருந்தார். அவரை வாட்டியது அச்சம். பட்டம் வீணாயிற்றோ, தோழர்கள் கெடுத்துவிட்டார்களோ, பிள்ளை கைநழுவிப் போகிறானோ என்னும் அச்சம். அன்று அவருக்கு நாம் ஒரு பட்டதாரியின் வரலாற்றைச் சொன்னோம். வாசக நேயர்களுக்கும் அது பயன்படலாம் என்பதால் இங்கு விரித்து எழுதுகின்றோம்.

டில்லிக்கு வடக்கே மூன்று போர்களால் பெயர் பெற்ற பானிப்பத் நகரில் 1914ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பிறந்தவர் க்வாஜா அஹ்மத் அப்பாஸ். உருதுப் பெருங்கவிஞர் அல்தாஃப் ஹுஸைன் ஹாலியின் கொள்ளுப்பேரர். ஹாலி மறைந்ததும் அதே 1914ஆம் ஆண்டில்தான். ஸர் ஸையித் அஹ்மத் கானின் தூண்டுதலால் 1879இல் 'முஸத்தஸ்' என்னும் நெடும்பாடலை எழுதிச் சமுதாயத்தை விழிக்கச் செய்தவர் ஹாலி. ஸர் ஸையித் 1898இல் மறைந்தபின், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி 1901இல் வெளியிட்டவரும் அவரே. தோழர் மறைந்தும் தோழமை மறையாத குடும்பத்தில் அப்பாஸ் பிறந்தார் என்பதை நினைவில் வைப்போம்.

ஸர் ஸையித் 1875இல் பள்ளியாகத் தொடங்கி, 1877இல் கல்லூரியாக வளர்த்து, 1920இல் பல்கலைக்கழகமாக மலர்ந்த அலீகருக்கே அப்பாஸும் கற்கச் சென்றார். 1933இல் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டமும், 1935இல் சட்டப் பட்டமும் பெற்றார். சட்டம் பயிலும்போதே 'அலீகர் ஒப்பீனியன்' என்னும் மாணவர் வார ஏட்டை நடத்தினார். அக்காலத்து அலீகரில் உலவிய இளைஞர்கள் சிலருடைய பெயர்களைக் கேட்டாலே நமக்கு வியப்பு மேலிடும். கவிஞர் மஜாஸ், ஜான் நிஸார் அக்தர், அலீ ஸர்தார் ஜாஃப்ரி ஆகியோர் அங்கு பயின்றவர்களே. இவர்களுள் ஜாஃப்ரி அரசியல் காரணமாக 1936இல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே பல்கலைக்கழகம் ஐம்பது ஆண்டுகள் கழித்து அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1997ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசும் அவரை வந்தடைந்தது. பட்டம் முடிந்த ஓராண்டில் ஒரு பிள்ளையை அளந்துவிடலாகாது என்பதற்கு ஜாஃப்ரி ஒருவரே போதும்.

சட்டப் பட்டத்தோடு ஊர் திரும்பி வழக்குரைஞராக அமர்வதே அந்நாளைய வழக்கம். அப்பாஸ் பம்பாய்க்கு இரயில் ஏறினார். ஸையித் அப்துல்லாஹ் பிரெல்வி ஆசிரியராக இருந்த 'பாம்பே கிரானிக்கிள்' நாளேட்டில் 1935இல் சேர்ந்தார். சிறிது காலத்தில் அவருக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? படக்கொட்டகைக்குச் செல்வது! திரைப்பட விமர்சனம் எழுதும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிள்ளை சினிமாவுக்குப் போகிறானே என்று கவலைப்படும் தந்தையர் இதைக் கேட்டுத் திகைக்கலாம். இந்தப் பட்டதாரிக்குச் சினிமாவுக்குப் போவதே உத்தியோகமாயிற்று.

ஆயினும் அவர் பார்த்த பார்வை வேறு. மூன்று மணி நேரத்தைக் கொன்றுவிட்டு வருவதற்காக அவர் இருட்டில் உட்காரவில்லை. இப்படம் யாரைப் பற்றியது, ஏழையை எவ்வாறு காட்டுகிறது, பெண்ணை எவ்வாறு மதிக்கிறது, பொய் சொல்கிறதா, மெய் சொல்கிறதா என்று கேட்டார். கண்டதை அஞ்சாமல் எழுதினார். படமுதலாளிகள் பலருக்கு அவர் எழுத்துக் கசந்தது. கலையிடம் ஸித்க் காட்டுவதும் ஒருவகைத் தோழமைதான் என்பதை அவர்கள் உணர நாளாயிற்று.

1939ஆம் ஆண்டில் அவருடைய மெய்ம்மைக்குப் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. காந்தியடிகள் சூதாட்டம், குதிரைப் பந்தயம் முதலிய தீமைகளின் வரிசையில் சினிமாவையும் சேர்த்துப் பேசியிருந்தார். காந்தியடிகளைத் தந்தையாக மதித்தவர் அப்பாஸ். இருபத்தைந்து வயது. நாடே தலைவணங்கும் பெரியவர். வாளாவிருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆயினும் அவர் 'ஃபிலிம் இந்தியா' இதழில் அவ்வாண்டு அக்டோபரில் ஒரு திறந்த மடலை எழுதினார். மிகுந்த பணிவோடும், சிறிதும் மழுப்பலின்றியும் தம் கருத்தை வைத்தார். சினிமாவில் இழிந்தவை மிகுதி என்பதை ஒப்புக்கொண்டார். கருவியின்மேல் பழி சுமத்தாது, அதைக் கையாள்வோர் கையைத் திருத்துங்கள் என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். பெரியவரிடம் மாற்றுக் கருத்துச் சொல்லும் 'அதபு' எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அம்மடலை இன்றும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

குறை சொல்லிக்கொண்டே இருப்பவனை நோக்கி, 'நீ ஒன்று செய்து காட்டு' என்று உலகம் கேட்கும். அப்பாஸ் செய்து காட்டினார். 'நயா ஸன்ஸார்' என்னும் அவருடைய கதை பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தாரால் 1941இல் படமாயிற்று. பத்திரிகை உலகின் நேர்மையைப் பற்றிய கதை அது. அதில் அசோக்குமாரோடு நடித்த ரேணுகா தேவி யார் என்று அறிந்தால் நேயர்கள் வியப்பர். அவருடைய இயற்பெயர் குர்ஷீத். அலீகரில் பெண் கல்விக்காகத் தம் வாழ்வையே ஈந்த ஷைகு அப்துல்லாஹ், வஹீத் ஜஹான் பேகம் தம்பதியரின் புதல்வி. 1906இல் சிறுமியர் சிலரைக் கொண்டு அவர்கள் தொடங்கிய பள்ளிதான் பிற்காலத்தில் அலீகர் மகளிர் கல்லூரியாயிற்று. அலீகர் மண்ணின் பட்டதாரி எழுதிய முதற்கதையில், அலீகர் மண்ணின் மகளே நடித்தார்.

1943இல் வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் உருவாயிற்று. அப்பாஸ் அதன் மூலவர்களுள் ஒருவர். அம்மன்றத்துத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு, அப்பஞ்சத்தைப் பற்றி அவர் இயக்கிய முதற்படமே 1946இல் வெளிவந்த 'தர்த்தீ கே லால்'. லாஹூர் அரசினர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற பால்ராஜ் ஸாஹ்னி அதில் நடித்தார். இளைஞர் ரவிசங்கர் இசை அமைத்தார். பாடல் எழுதியவர்களுள் ஒருவர் அலீ ஸர்தார் ஜாஃப்ரி. ஆம், அலீகரிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே ஜாஃப்ரிதான். பல்கலைக்கழகம் ஒருவருக்குப் பட்டம் தந்தது, மற்றவரை வெளியே தள்ளியது. பணி இருவரையும் ஒன்று சேர்த்தது. அதே 1946இல் அப்பாஸின் திரைக்கதையில் சேத்தன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்', பிரான்சு நாட்டின் கான் நகரில் நடந்த முதல் திரைவிழாவில் உயர் பரிசு பெற்றது.

அப்பாஸின் வாழ்வில் நெடிது நிலைத்த எழுத்துத் துணை வி. பி. ஸாத்தே என்னும் மராட்டியப் பத்திரிகையாளர். இருவரும் சேர்ந்து எழுதியதே 'ஆவாரா'. அக்கதையை முதலில் இயக்குநர் மஹ்பூப் கானிடம் கொடுப்பதாக இருந்தது. தந்தை, மகன் வேடங்களுக்கு அவர் வேறு இரு நடிகர்களைக் கருதினார். உண்மையான தந்தையும் மகனுமாகிய பிருதிவிராஜ் கபூரும் ராஜ் கபூருமே நடிக்கவேண்டும் என்பதில் அப்பாஸ் உறுதியாக நின்று, கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ராஜ் கபூர் எடுத்த அப்படம் 1951இல் வெளிவந்து இந்தியாவையும் தாண்டி, சோவியத் நாட்டு மக்கள் நெஞ்சிலும் இடம் பெற்றது. 1955இல் 'ஸ்ரீ 420' தொடர்ந்தது.

வெற்றி நாட்களில் கூடியிருப்பது ஸாஹிபுக்கும் இயலும். தோல்வி நாளில் என்ன ஆயிற்று என்பதைத்தான் பார்க்கவேண்டும். 1970இல் அப்பாஸ் எழுதி ராஜ் கபூர் எடுத்த 'மேரா நாம் ஜோக்கர்' படுதோல்வி அடைந்து, எடுத்தவரைக் கடனில் ஆழ்த்தியது. எழுதியவன்மேல் பழியைப் போட்டு உறவை முறித்துக்கொள்ள அதைவிடத் தக்க சமயம் வேறில்லை. உறவு முறியவில்லை. அப்பாஸும் ஸாத்தேயும் மீண்டும் அவருக்காக எழுத உட்கார்ந்தனர். 1973இல் வெளிவந்த 'பாபி' பெருவெற்றி பெற்று ராஜ் கபூரைக் கரையேற்றியது. 1987ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அப்பாஸ் மறைந்தார். மறு ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ராஜ் கபூரும் மறைந்தார். இருவரும் போனபின், அப்பாஸின் கதையை ராஜ் கபூரின் மகன் ரந்தீர் கபூர் 1991இல் 'ஹென்னா' என்ற பெயரில் படமாக்கினார். வெள்ளம் அடித்துச் சென்று பாகிஸ்தான் மண்ணில் ஒதுக்கிய ஓர் இந்தியனை, அந்நாட்டு எளிய மக்கள் பேணிக்காத்த கதை அது. அதற்கு உரையாடல் எழுதியவர் பாகிஸ்தானின் எழுத்தாளர் ஹஸீனா முயீன். தோழமை கபுருக்குப் பின்னும் கனி தரும் என்பதை அங்கு கண்டோம்.

தோழமையையே பொருளாகக் கொண்டு அப்பாஸ் ஒரு படம் எடுத்தார். 1969இல் வந்த 'ஸாத் ஹிந்துஸ்தானி' அது. போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்து கோவாவை விடுவிக்க, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பல மதங்களிலிருந்தும் ஒன்றுகூடிய எழுவர் கதை. கோவா 1961ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலை பெற்றது. ஆண்டுகள் கழித்து, நோயுற்று அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தோழி மரியா, பழைய தோழர்கள் வந்தாலன்றி உடன்படேன் என்கிறாள். பிரிந்து போனவர்கள் அவளுக்காக மீண்டும் புறப்படுகின்றனர்.

அப்படத்தில் நடிக்க வாய்ப்புக் கேட்டு வந்தார் நெடிய உருவமுடைய ஓர் இளைஞர். டில்லியில் பட்டம் பெற்று, கல்கத்தாவில் பார்த்துவந்த வேலையை உதறிவிட்டு வந்தவர். பெயரைக் கேட்ட அப்பாஸுக்கு ஐயம் எழுந்தது. "கவிஞர் பச்சனுக்கு உறவா?" என்று வினவினார். ஹிந்திக் கவிஞர் ஹரிவன்ஷ் ராய் பச்சனின் மகன்தான் அவர். கவிஞரை அப்பாஸ் அறிவார். தந்தையின் ஒப்புதலைக் கேட்டுப் பெறும்வரை ஒப்பந்தம் செய்ய மறுத்துவிட்டார். தந்தையின் இசைவு வந்த பின்னரே அமிதாப் பச்சன் அப்படத்தில் அன்வர் அலீ என்னும் முஸ்லிம் கவிஞர் வேடம் ஏற்றார். ஒரு தந்தையின் அச்சத்தைச் சினிமாக்காரர் ஒருவர் எவ்வளவு மதித்தார் என்பதை நம் வணிகருக்குச் சொன்னபோது, அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

அந்தச் சட்டப் பட்டம் வீண்தானே என்று கேட்கலாம். அதற்கும் வேளை வந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களில் செல்வர் வாழும் வாழ்வையும் ஏழைகள் படும் பாட்டையும் அருகருகே காட்டும் சிறு ஆவணப்படம் ஒன்றை அப்பாஸ் எடுத்திருந்தார். தணிக்கையாளர் சில காட்சிகளை வெட்டச் சொன்னார்கள். வறுமையை மறைப்பது ஒழுக்கமாகாது என்ற கொள்கையுடைய அப்பாஸ், வெட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் சென்றார். தலைமை நீதிபதி ஹிதாயதுல்லாஹ் தலைமையில் ஐவர் அமர்ந்து, 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் தீர்ப்பளித்தனர். முன்தணிக்கை செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால், தணிக்கைக்குத் தெளிவான விதிகள் வேண்டும் என்றும், சமூகத் தீமையைக் காட்டும் கலையையும் இழிந்த ஆபாசத்தையும் ஒன்றாகக் கருதலாகாது என்றும் நீதிமன்றம் உரைத்தது. முறையீட்டுக்குத் தனி மன்றம் அமைக்க அரசு இசைந்தது. 1983இல் அமைந்த அம்மன்றம் 2021இல் கலைக்கப்பட்டது. அப்பாஸ் பெயரால் வழங்கும் அத்தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர். முப்பத்தைந்து ஆண்டுகள் உறங்கிக்கிடந்த பட்டம் விழித்தெழுந்த வரலாறு இது.

அப்பாஸின் கொள்கைகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை என்று சொல்லமாட்டோம். அவர் வாழ்வில் இழப்புகளும் குறைவில்லை. குழாய்க்குள் குடித்தனம் நடத்தும் இளந்தம்பதியர் கதையாகிய 'ஷஹர் ஔர் ஸப்னா' 1963ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேசியப் பரிசு பெற்றது உண்மை. எனினும் அவர் தாமே எடுத்த படங்களில் பல பணத்தை விழுங்கின. பிறருக்கு எழுதிக் கொடுத்தவையே பொருள் தந்தன. அவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வாரந்தவறாமல் 'கடைசிப் பக்கம்' என்னும் பத்தியை எழுதினார். எழுபதுக்கு மேற்பட்ட நூல்களையும் யாத்தார். இருட்டறையில் கழித்த மாலைகளால் அவர் கெட்டுவிடவில்லை. கண்டதைப் பற்றி மெய் பேசினார். மெய் பேசிய தோழரை இழக்கவுமில்லை.

வணிகரிடம் இதுவரை சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நம்மை நோக்கி, "அஜரத், நீங்க சின்ன வயசிலே சினிமா பார்த்ததுண்டா?" என்று கேட்டுவிட்டார். ஸித்க் பற்றி அவ்வளவு நேரம் பேசிவிட்டு மழுப்ப முடியவில்லை.

மதரஸாவில் ஓதிய நாட்களில், ஓர் இரவு நாமும் தோழர் ஒருவரும் சுவரேறிக் குதித்து, ஊர்க்கோடியிலிருந்த டூரிங் டாக்கீஸுக்குப் போனோம். மணலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கையில், தெரிந்த முகம் ஒன்று தென்பட, படம் முடியுமுன்பே எழுந்து ஓடிவந்தோம். மறுநாள் விசாரணை. தோழரை மட்டும் அடையாளம் கண்டிருந்தார்கள். "உன்னோடு வந்தவன் யார்?" என்ற கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை. அருகில் கைகட்டி நின்ற நாமும் வாய் திறக்கவில்லை. அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாம் ஓதி முடித்து ஸனது பெற்றோம்; அவர் ஜவுளிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் பலமுறை சந்தித்துக்கொண்டோம். திருமணங்களுக்கு அழைத்துக்கொண்டோம். அந்த இரவைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நாமும் பேசியதில்லை. உடனிருந்த வகையில் ஸாஹிப். சுவரேறி வழிநடந்த வகையில் ரஃபீக். ஸதீக்காக மட்டும் நாம் இருக்கவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அஸருக்கு பாங்கு ஒலித்தது. வணிகர் ஏதும் கூறாமல் எழுந்தார். தொழுதபின், "மகனிடம் எங்கே போனாய் என்று கேட்பதோடு நில்லாதீர்கள், என்ன பார்த்தாய், உன் தோழன் அதைப்பற்றி என்ன சொன்னான் என்றும் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் அவன் தேறுவானா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்" என்று மட்டும் சொன்னோம்.

அந்த வாரமே பஸ் ஏறித் தோழருடைய ஊருக்குச் சென்றோம். கடையைப் பேரப்பிள்ளைகளின் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் ஓய்வாக அமர்ந்திருந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சுமந்ததை ஒரே மூச்சில் சொல்லி, மன்னிக்கவேண்டும் என்றோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"அதை விடுங்க மௌலவி. கடைசி ரீலைப் பார்க்காமலேயே ஓடி வந்துட்டோமே, அந்தக் கதை எப்படி முடிஞ்சுதுன்னு யாரிடமாவது கேட்டீங்களா?"